இரண்டு தரம் தட்டினால் போதும்

எங்கள் வட்டத்தில் யாரும் யார் வீட்டுக்கும் போனது கிடையாது. செயலாளர் மணிமாறன் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "நமக்குள்ள இலக்கியம் மட்டுந்தான் மேடம். கல்யாணம், காதுகுத்து எல்லாம் சொந்தபந்தத்தோட இருக்கட்டும்" என்பார். பதினோரு வருடமாக நானும் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சொந்தபந்தம் உள்ளவர்கள் அப்படிப் பேசலாம், அதில் தப்பில்லை.

என் பெயர் அல்போன்சா. தபால் ஆபீஸ் கவுன்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து எழுந்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பார்வை பார்ப்பேன். இரண்டாவது கேள்வி வராது. அம்மாவைக் கூடவே வைத்துப் பார்த்துக்கொண்டேன். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. கோயம்புத்தூரில் ஒரு தம்பி இருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று வீடியோ காலில் கேக்கைக் காட்டுவான். "நல்லாருக்கியாக்கா" என்பான். "நல்லாருக்கேன்" என்பேன். அதோடு அடுத்த டிசம்பர்தான்.

வட்டம் கூடுவது நாகல் நகரில், மணிமாறனின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரை மணி. நான் காலைப் பூசை முடிந்து நேராக அங்கே போய்விடுவேன். ஒன்பது பேர் ஒழுங்காக வருவோம். கல்லூரியில் பாடம் நடத்தும் விக்னேஷ்குமார், சின்னாளப்பட்டியில் சேலைக் கடையின் ஆன்லைன் வியாபாரத்தைப் பார்க்கும் யுவராணி, சித்தையன்கோட்டையில் பூ விவசாயம் செய்யும் பொன்னுத்துரை என்று ஆளுக்கு ஒரு திசை. பொன்னுத்துரைக்கு எழுபது வயது. வெண்பா தவிர வேறு எதுவும் எழுத மாட்டார். விடியற்காலையில் பூவை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, கூட்டம் தொடங்கும் வரை எங்கேயாவது டீ குடித்துக்கொண்டிருந்துவிட்டு வருவார்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கூத்து இருக்குமா என்று தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பிடித்த கவிதையைக் கையால் எழுதி, கீழே இன்ஸ்டிடியூட்டில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். எழுதிய கவிஞர் பெயர் கூடாது, கொண்டு வந்தவர் பெயரும் கூடாது. முன்பெல்லாம் பெயரோடுதான் வாசித்தோம். பெரிய பெயர் என்றால் கை தட்டுவார்கள், தெரியாத பெயர் என்றால் வடை எங்கே என்று பார்ப்பார்கள். அதில் ஒரு நாள் சண்டை வந்து, நாற்காலி கூட விழுந்தது. அதன் பிறகுதான் மணிமாறன் இந்த ஏற்பாட்டைக் கொண்டு வந்தார். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று, அவர் மனைவி தமிழ்மதி எல்லாவற்றையும் ஒரே மெஷினில் தட்டச்சு செய்துவிடுவார். மூலத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு சீட்டு எடுப்போம். வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும். ஒரு மாதம் அதோடு இருந்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் வாசித்து, நமக்கு என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

பங்குனியில் ஒரு நாள் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையில் கிடந்தேன். கத்திப் பார்த்தேன். எதிர் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கத்த வெட்கமாக இருந்தது, யாராவது வந்து இந்தக் கோலத்தில் பார்த்துவிடுவார்களே என்று. சேசுவே, விழுந்து கிடக்கும்போதும் வெட்கம்! வாளியைப் பிடித்து, கதவைப் பிடித்து, எப்படியோ எழுந்து வெளியே வந்தேன். வாசலில் பால் பாக்கெட் வெயிலில் கிடந்து உப்பிப் போயிருந்தது. தெருவில் பத்துப் பேராவது அதைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

அன்று சாயங்காலம் தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எதிர் வீட்டு சிவனம்மாளிடம் கொடுப்பதற்காக ஒரு சீட்டு எழுதினேன். பால் பாக்கெட் ஏழு மணிக்கு மேல் கிடந்தால் கதவைத் தட்டுங்கள், சாவி இங்கே இருக்கிறது, இன்னாருக்குச் சொல்லுங்கள் என்று. தாள் சின்னது. அதனால் வரிகள் மடங்கி மடங்கி வந்தன.

எழுதியது பெரிதில்லை. கொடுக்க வேண்டுமே! இரண்டு தரம் சிவனம்மாள் வாசல் வரை போனேன். முதல் தரம் கையில் தாளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பத்திரிகையா? வீட்ல விசேசமா?" என்று சிரித்தாள். "கரண்ட் பில்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டாவது தரம் அவள் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் போய், நான் செத்துக் கிடந்தால் என்று எப்படி ஆரம்பிப்பது? சீட்டு என் கைப்பைக்குள் போனது. பத்தொன்பது நாள் அங்கேயே கிடந்தது.

சித்திரைக் கூட்டத்துக்காக, எப்போதோ ஒரு பழைய மாத இதழில் பார்த்த எட்டு வரிக் கவிதையையும் காலண்டர் தாளில்தான் எழுதி, அதே மாதிரி நான்காக மடித்து, அதே பையில் வைத்திருந்தேன். புதன்கிழமை காய்கறி வாங்கிவிட்டு வரும் வழியில் இன்ஸ்டிடியூட்டில் நுழைந்து டப்பாவில் போட்டேன். அடுத்த நாள் காலை பையைத் துழாவினால் எட்டு வரிக் கவிதை பைக்குள் இருக்கிறது.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு தபாலைக்கூட மாற்றிப் போட்டதில்லை நான். எனக்கு வந்த கோபத்தில் என் கன்னத்திலேயே நான் அறைந்துகொள்ளாததுதான் பாக்கி. அரக்கப் பரக்க ஓடினேன். தமிழ்மதி மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"தாளெல்லாம் அடிச்சாச்சா தமிழ்மதி?"

"நேத்தே அடிச்சு, ஸ்டேப்ளர் போட்டு வச்சுட்டேங்க்கா. பழசைக் கிழிச்சு அடுப்புல போட்டாச்சு. ஏங்க்கா, எதும் மாத்தணுமா?"

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். "மாத்த என்ன இருக்கு, சும்மா கேட்டேன்" என்றேன்.

"இந்தத் தரம் ஒண்ணு நல்லாருந்துச்சுக்கா. பால் பாக்கெட்டப் பத்தி. எனக்கு உங்க கவிதையெல்லாம் தலையும் புரியாது வாலும் புரியாது. அது மட்டும் புரிஞ்சுச்சு" என்றார்.

நான் வந்த வழியே வாசற்படி இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை டப்பா சுற்றி வந்தது. என் சீட்டு எனக்கே வந்துவிடாதா என்று பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற பயத்தோடு கையை விட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் நிலாவும் காதலியும். நிலா மூன்று இடத்தில் வந்தது. எனக்கு அதைப் படிக்கப் பொறுமை இல்லை. என் சாவி இருக்கும் இடம் யாரோ ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

உண்மையைச் சொல்கிறேன். பயந்தேன், ஆனால் வெறும் பயம் மட்டும் இல்லை. யாராவது கண்டுபிடித்துவிட மாட்டார்களா என்ற ஆசையும் இருந்தது. யுவராணியாக இருக்குமோ, விக்னேஷ்குமாராக இருக்குமோ என்று ஒவ்வொருவர் முகமாக நினைத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் வந்தால்கூட அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ரோஜாப்பூவும் பொன்மொழியும்தான் இருந்தன.

ஒன்பதாவது நாள், காலை ஏழு மணி. பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்புகிறேன், போன் அடித்தது.

"அம்மா, நான் பொன்னுத்துரை. சித்தையன்கோட்டை."

"தெரியுது, சொல்லுங்கண்ணே."

"ஒண்ணுமில்லம்மா." செருமினார். "பால் வாங்கியாச்சா?"

பாக்கெட் கையில் ஜில்லென்று இருந்தது. அவர்தான். வெண்பாவில் தளை தட்டினால் முகம் சுருங்குகிற அந்த மனுசனிடம்தான் என் சீட்டு போயிருக்கிறது.

"காலங்காத்தால என்னண்ணே கேள்வி இது?"

"இல்லம்மா, வாசல்ல கெடந்தா எடுத்தாச்சான்னு… வெயிலு வந்துரும்ல."

அந்த நிமிடத்தில் 'ஆமாண்ணே, அந்தச் சீட்டு என்னுதுதான்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்டதே கிடையாது. "எங்க வீட்ல தம்பி மக வந்து தங்கியிருக்கா. அவ எடுத்துருவா. நான் வாசலுக்கு வர்றதே எட்டு மணிக்கு" என்றேன்.

"அப்புடியா! ஆளிருக்கா? ரொம்ப சந்தோசம்மா. வச்சுர்றேன்."

தம்பிக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள்.

அடுத்த நாள் ஆறே முக்காலுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு அடித்தது. ஏழேகால். அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தம்பி மகள் இருக்கிறவளுக்கு எதற்குப் போன்? அவர் தேடுகிற பட்டியலில் என் பெயரை நானே அடித்துவிட்டேன் என்பது மூன்றாவது நாள்தான் புத்தியில் உறைத்தது. அவர் மேலும் கோபம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இப்படியா நம்புவது? எந்தத் தம்பி மகள், என்ன படிக்கிறாள் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா? மீதி நாட்கள் முழுக்க ஏழு மணி என்றால் அடுப்படியில் நிற்பேன், போன் கட்டிலில் இருக்கும், ஓடிப் போய் எடுக்க எத்தனை அடி என்று மனம் கணக்குப் போடும். ஒரு தரம் அடித்தது. காப்பீட்டுக்காரி.

வைகாசிக் கூட்டத்துக்குப் போனபோது மாடிப்படியிலேயே பொன்னுத்துரை பேச்சுத்தான் அடிபட்டது.

"எனக்கு இருபது நாளா போன் பண்றாருக்கா" என்றாள் யுவராணி. "பால் வாங்கியாச்சாம்மா, பால் வாங்கியாச்சாம்மான்னு. எங்க வீட்டுக்காரரு, யாரு இந்த ஆளு காலையிலயேன்னு மொறைக்கிறாரு."

"எனக்குந்தான்" என்றார் விக்னேஷ்குமார். "நான் பிளாக் பண்ணிட்டேன்."

"எனக்கும் வந்துச்சு" என்றார் மணிமாறன். "வயசாயிருச்சுல்ல. பேசிப் பார்ப்போம்." என்னைப் பார்த்தார். "உங்களுக்கு மேடம்?"

"ஒரே ஒரு தரம்" என்றேன்.

பொன்னுத்துரை வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, முடியில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தார். நான்கு பேர் வாசித்து முடித்தார்கள். அடுத்து அவர். எழுந்து நின்று சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அவருக்குச் சத்தமாக வாசிக்க வராது. வெண்பாவை மட்டும் பாடுவது போல் சொல்வார். இதை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

காலை ஏழு மணிக்கு மேல்
பால் பாக்கெட் வாசலில் கிடந்தால்
கதவைத் தட்டவும்.
இரண்டு தரம் தட்டினால் போதும்,
காது நன்றாகக் கேட்கும்.
திறக்கவில்லை என்றால்
இன்னொரு சாவி
மீட்டர் பெட்டிக்கு மேல் இருக்கிறது.
அடுப்பில் ஏதாவது இருந்தால்
கொட்டிவிடவும்.
காலண்டருக்குப் பின்னால்
நான்கு நம்பர் இருக்கிறது.
இரண்டு பேர் எடுக்க மாட்டார்கள்.
உடுத்த வேண்டியது பீரோவில்
மேல் தட்டில். அயர்ன் பண்ணியது.
பயப்பட வேண்டாம்.
சிரமத்துக்கு மன்னிக்கவும்.

என் வார்த்தைகளை இன்னொருவர் குரலில் கேட்டபோது நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விக்னேஷ்குமார் தொடையில் தட்டினார்.

"ஓகோ! அதுக்குத்தான் போனா!"

கூட்டமே சிரித்தது. மணிமாறன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஐயா, கவிதையப் படிச்சிட்டு ஊரு பூரா பால் விசாரிச்ச ஒரே ஆள் நீங்கதான்யா" என்றார். பொன்னுத்துரையும் வெட்கத்தோடு சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அதன் பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "சாவுங்கிற வார்த்தையே இல்ல, கவனிச்சீங்களா?" என்றார் விக்னேஷ்குமார். "அயர்ன் பண்ணியதுன்னு போற போக்குல வைக்கிறான் பாருங்க, அங்கதான் நிக்கிறான். எழுதுனவனுக்கு நாப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். நெறைய வாசிச்சவன்." மணிமாறன் அது மொழிபெயர்ப்பாக இருக்கும் என்றார், நம் பக்கம் இப்படி எழுத மாட்டார்கள் என்றார். யுவராணி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளை வாங்கிப் போட்டோ எடுத்தாள். ஸ்டேட்டஸ் வைப்பதற்கு. இரண்டு பேர் எடுக்க மாட்டார்கள் என்ற வரி தன்னை என்னவோ செய்துவிட்டது என்றாள். அந்த இரண்டு பேரில் ஒருவன் என் தம்பி. அது யாருக்குத் தெரியும்?

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார் பொன்னுத்துரை. இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "இது கவிதையில்லைங்க."

"ஐயா, உங்களுக்கு வெண்பா இல்லாட்டி எதுவுமே…" என்று ஆரம்பித்தார் விக்னேஷ்குமார்.

"இல்ல தம்பி, செத்த நேரம் கேளுங்க. எனக்கு நவீனம்லாம் தெரியாது. இது யாரோ யாருக்கோ எழுதுன சீட்டு. தப்பிப் போயி நம்ம டப்பாவுல விழுந்துருச்சு. அந்த ஆளு இங்கதான் இருக்கணும், இல்லாட்டி இங்க உள்ள ஒருத்தருக்கு வேண்டிய ஆளா இருக்கணும். பேரு சொல்ல வேணாம். விதி விதியாவே இருக்கட்டும். கூட்டம் முடிஞ்சு எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்தாப் போதும். இம்புட்டு நாளா ஒவ்வொருத்தருக்கா போட்டுப் பார்த்துட்டேன். யாருன்னு தெரியாம மனசு கெடந்து அடிச்சுக்குது."

அவர் பார்வை ஒவ்வொரு முகமாகப் போனது. என் முகத்துக்கு வந்தபோது நிற்காமல் அடுத்ததற்குப் போனது. தம்பி மகள் இருக்கிறாளே எனக்கு.

மணிமாறனுக்கு இந்தச் சங்கடம் பிடிக்கவில்லை. வழக்கம் போல் என்னிடம் தள்ளிவிட்டார். "அல்போன்சா மேடம் சொல்லட்டும். அவங்கதான் நம்மள்ல கறாரான ஆளு. மேடம், இது கவிதையா இல்லையா?"

எட்டு முகமும் என்னைப் பார்த்தன. எழுந்து, இது என் வாசல், என் பால் பாக்கெட் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. விக்னேஷ்குமார் என்ன சொல்வார், யுவராணி என்ன பார்வை பார்ப்பாள், அடுத்த மாதம் நான் படியேறி வரும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்களே என்றெல்லாம் ஓடியது. 'பாவம்' என்ற அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியாது.

"கவிதைதான்" என்றேன். அதோடு விட்டேனா? "ஆனா கடைசி வரி தேவையில்லை. 'பயப்பட வேண்டாம்'லயே முடிஞ்சுருச்சு. மன்னிப்பு கேக்குறது மிகை."

"பார்த்தீங்களா, எப்படிப் பிடிச்சாங்க!" என்றார் விக்னேஷ்குமார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். யுவராணி அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் ஸ்டேட்டஸில் போடப்போவதாகச் சொன்னாள்.

பொன்னுத்துரை என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகம் அப்படியே தெளிந்தது. "அப்ப யாரும் அப்புடி இல்லைல?" என்றார். "நீங்க சொன்னா சரிதாம்மா. நாந்தான் வெவரமில்லாம பயந்துட்டேன். அப்பாடா, இன்னைக்காச்சும் தூங்குவேன்." உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த மாதத்தின் சிறந்த தேர்வு என்று கை தூக்கி முடிவு செய்தார்கள். ஆண்டு மலரில் முதல் பக்கத்தில் போடலாம் என்றார் மணிமாறன். நானும் கை தூக்கினேன். அடுத்து என் முறை வந்து, அந்த மூன்று நிலாக் கவிதையைப் பற்றி என்னத்தையோ உளறினேன்.

கூட்டம் முடிந்து வடை வந்தது. பொன்னுத்துரை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டோக்களுக்கு நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு போனார். என் பக்கத்தில் இரண்டு பேர் என்னுடைய சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வடை தின்றார்கள். "தனிமையை என்ன அழகா எழுதியிருக்கான்" என்றார் ஒருவர். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அழகாம்! ஈரத் தரையில் கிடந்து பார்க்கட்டும். ஒரு மாதம் பூப் பறிக்கிற நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு நின்ற மனுசனை எட்டுப் பேராகச் சேர்ந்து முட்டாளாக்கி அனுப்பியிருக்கிறோம். அதில் ஏழு பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கினேன். "பஸ் ஸ்டாண்டு" என்று ஆட்டோவில் ஏறினேன்.

சித்தையன்கோட்டை போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது. பொன்னுத்துரை ஜன்னலோர சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கம்பியைத் தட்டினேன்.

"அண்ணே, செத்த எறங்குங்க."

பதறிக்கொண்டு இறங்கி வந்தார். "என்னம்மா, பையை எதும் விட்டுட்டு வந்துட்டனா?"

"தம்பி மகன்னு யாரும் இல்லண்ணே. எங்க வீட்ல நான் மட்டுந்தான். அந்தச் சீட்டு என்னுது."

அவர் அப்படியே பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளரிக்காய் விற்கிறவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"கவிதைன்னு சொன்னீங்களேம்மா" என்றார்.

"சொன்னேன்."

"கடைசி வரி வேணாம்னு வேற சொன்னீங்க."

"சொன்னேண்ணே." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அம்மாவை அடக்கம் பண்ணிய அன்றுகூட நான் வெளியில் அழவில்லை. அத்தனை ஜனம் நடக்கிற பஸ் ஸ்டாண்டில் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அழுதேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை. தன் துண்டைக் கொடுத்தார். அதில் செவ்வந்தி வாசம் அடித்தது.

கொஞ்ச நேரம் ஆன பிறகு கேட்டேன். "அம்புட்டுப் பேரு கவிதைன்னு சொன்னோம். உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே தெரிஞ்சுச்சு?"

"நானும் ஒண்ணு எழுதி வச்சிருக்கேம்மா" என்றார். "வீட்டுக்காரி போன பெறகு எழுதுனது. மொதல்ல வெண்பாவுலதான் எழுதிப் பார்த்தேன். தளை தட்டிக்கிட்டே இருந்துச்சு. பெறகு சும்மா எழுதிட்டேன். உங்களுது மாதிரியேதான் வந்துச்சு. அதான் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு."

"யாருகிட்ட குடுத்தீங்க?"

"யாருகிட்ட குடுக்க? பய திருப்பூர்ல இருக்கான். நான் இருக்கது தோட்டத்து வீடு. கண்ணுக்கெட்டுன தூரம் வேற வீடு கெடையாது. பை மாத்திப் பை மாத்தி என்கிட்டயேதான் இருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் ஒரு மாதம் எங்கள் எல்லோரையும் பால் வாங்கியாச்சா என்று கேட்டிருக்கிறார். நீங்க டீ குடிச்சீங்களா அண்ணே என்று எங்களில் ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போன் வரவில்லையே என்று ஏங்கினேன், திட்டினேன். அந்த நம்பர் என்னிடமும்தானே இருந்தது? ஒரு நாள் நான் போட்டிருக்கலாமே? தோன்றவே இல்லை.

கண்டக்டர் விசில் அடித்தார். பொன்னுத்துரை எழுந்து, பையின் உள் ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக் கவருக்குள் இருந்த ஒரு தாளை எடுத்தார். ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"நீங்க இருக்கது ஒரு மூலை, நான் இருக்கது ஒரு மூலை. நீங்க தட்டணும்னா ரெண்டு பஸ் ஏறி வரணும்" என்றார். "பரவால்லயா?"

"குடுங்கண்ணே" என்றேன்.

கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் நகரத் தொடங்கிய பிறகு ஜன்னலில் தலையை நீட்டி, "அம்மா, வீட்டு நம்பரு?" என்று கத்தினார். பதினோரு வருடத்தில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை.

"மேட்டுச் சந்து! பதினெட்டு பை மூணு!" என்று நானும் கத்தினேன். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பஸ் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். உருண்டை உருண்டையான எழுத்து. வாய்க்கால் கரையில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், நாய் குரைக்கும், கடிக்காது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்தவும் என்று வரிசையாக எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே 'அன்புள்ள' என்று போட்டு, பெயருக்கு இடம் விட்டிருந்தார். எத்தனை வருடமாக அந்த இடம் அப்படிக் காலியாக இருந்ததோ தெரியாது. பையில் பேனா இருந்தது. அந்த இடத்தில் அல்போன்சா என்று எழுதினேன்.